முதல் கட்டில்

ஜூலை 20

பல நாள் ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷை மாற்றுவது.

விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் கடினமான நார் கொண்ட பிரஷ்ஷையே பயன்படுத்தி வருகிறேன். மென்மையானதைப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு மனிதன் தன் கொள்கையோடு வாஷ்பேசினின் நிறத்தையும் கவனிக்க வேண்டிய கட்டம் வந்துவிடுகிறது. ஒரு வாரமாகத் துப்புவதெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஈறும் சற்றுத் தடித்திருக்கிறது. பிரஷ் தயாரிப்பாளர்கள் தரத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது தெளிவு.

முடிவை மரகதத்திடம் அறிவித்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். கல்யாணமாகி முப்பது ஆண்டுகள் ஆகியும் என் முடிவுகளை அவள் யோசனைகளாகவே எடுத்துக்கொள்கிறாள்.

ஜூலை 23

முகாம் நோட்டீஸ் அச்சேறியது. எங்கள் ரத்தக் கொடையாளர் சங்கம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கோபியில் நடத்தும் முகாம். செயலாளர் நான், அச்சகமும் என்னுடையது. எனவே நோட்டீஸில் பிழை இருக்காது, நாச்சிமுத்து என்ற என் பெயரும் சிறிதாக இருக்காது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முகாமின் முதல் கட்டில் செயலாளருக்கு. கோவையிலிருந்து வரும் ரத்த வங்கிக்காரர்கள் கட்டில் வரிசைப்படி பைகளுக்கு எண் போடுவார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒன்றாம் எண் பை என்னுடையது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நோட்டீஸில் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம். ஆனால் ஓ நெகட்டிவ்காரனுக்கு இன்னொரு ஓ நெகட்டிவ்காரன் கொடுத்தால்தான் உண்டு. எல்லோருக்கும் கொடுக்க வேண்டியது, யாரிடமும் கைநீட்டக்கூடாதது. என் சுபாவத்தை விசாரித்துவிட்டு ஒதுக்கிய பிரிவு போல இருக்கிறது.

சங்கத்தில் இன்னொரு ஓ நெகட்டிவ்காரரும் உண்டு. பொருளாளர் திருமூர்த்தி, உரக்கடை வைத்திருப்பவர். ஊருக்கு ஒருவர் போதும் என்பது என் எண்ணம். இன்றைய கூட்டத்தில் அவர் எழுந்து, முதல் கட்டிலை ஆண்டுக்கு ஒருவராக மாற்றி மாற்றிக் கொடுக்கலாமே என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தீர்மானம் தேநீரோடு கைவிடப்பட்டது.

ஜூலை 29

அச்சகத்தின் மாடிப்படிகள் உயரமாகிவிட்டன. கட்டடம் அமரும்போது இப்படி ஆகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். பாதியில் நின்று, சுவரில் தொங்கிய காலண்டரைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டேன். போன மாதத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. அதற்காக ஒருவரைக் கண்டித்தேன்.

மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். முதலாளி தொழிலாளர்களுக்கு நடுவே இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

மாலையில் காய்ச்சல். முகாம் வேலை அதிகம்.

ஆகஸ்ட் 3

மாலையில் காய்ச்சல்.

ஆகஸ்ட் 6

வேட்டியை விட்டு பேன்ட்டுக்கு மாறியிருக்கிறேன். அச்சகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலத்தோடு நடப்பவன் எந்த வயதிலும் நடக்கலாம் என்று விளக்கினேன்.

தொடையிலும் முழங்கையிலும் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. காகிதக் கட்டைத் தூக்கும்போது இடித்திருக்கும். எந்தக் கட்டு, எப்போது தூக்கினேன் என்பது நினைவில்லை. இந்த வயதிலும் நானே தூக்குகிறேன் என்பதுதான் இங்கே பொருட்படுத்தத் தக்கது.

ஆகஸ்ட் 10

மரகதம் என் கால்களைப் பார்த்துவிட்டாள். பேன்ட்டோடு தூங்க முடியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே சிவப்பாகக் குண்டூசி முனை அளவில் புள்ளிகள், தூவியதுபோல. கொசு என்றேன். அவள் சமையலறைக்குப் போய்க் கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துவந்து, புள்ளிகள் மேல் வைத்து அழுத்தி, டம்ளர் வழியாகப் பார்த்தாள். பள்ளியில் உயிரியல் நடத்துகிறவளைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் உண்டு.

"கொசு கடிச்சதுன்னா அமுக்குனா மறையோணுமுங்க. இது மறையல."

உள்ளூர்க் கொசுக்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். அவள் டம்ளரைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

நாளையே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். பதினைந்தாம் தேதி கழியட்டும் என்றேன். முகாமுக்கு முன் ஒரு செயலாளர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று ஊரில் பேச்சு வந்தால் யார் கையை நீட்டுவார்கள்? ஒரு வாரமாகவே ஈரல், முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம் என்று உண்டு வருகிறேன். இதற்கு மேல் ஒரு டாக்டர் என்ன சொல்லிவிட முடியும்?

ஆகஸ்ட் 14

நாளைய உரையைத் தயாரித்தேன். ஆண்டுதோறும் ஒரே உரைதான். குரலில் மட்டும் ஏற்ற இறக்கம் செய்வேன்.

முகாமில் ஒருவரிடம் ரத்தம் எடுக்குமுன் விரலில் குத்தி ஒரு துளியை நீலக் கரைசலில் விடுவார்கள். மயில்துத்தக் கரைசல். துளி மூழ்கினால் ரத்தம் கெட்டி, கட்டிலுக்குப் போகலாம். மிதந்தால் ரத்தத்தில் சத்தில்லை, வீட்டுக்குப் போகலாம். மிதந்தவர்களை நான் சும்மா அனுப்புவதில்லை. தோளில் கைவைத்து, "தம்பி, உன்ற ரத்தத்துக்கே ஒரு கனமில்லை. போயி சோதனை பண்ணீட்டு வா" என்று சொல்லி அனுப்புவேன். பலர் அடுத்த ஆண்டு வருவதில்லை. அது அவர்களின் மன உறுதியைப் பொறுத்தது.

ஆகஸ்ட் 15

மிதந்தது.

ஆகஸ்ட் 15, மாலை

முழுமைக்காக எழுதுகிறேன். ரத்த வங்கிப் பெண் என் விரலில் குத்தினாள். துளி கரைசலில் விழுந்து, சிறிது தயங்கி, மேலே வந்து நின்றது. முகாமில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சின்ன பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் துளியைப் பார்ப்பதும் எங்கள் வழக்கம். கரைசல் பழையது என்றேன். புதிதாகக் கலந்து இன்னொரு முறை செய்தாள். அதுவும் மிதந்தது. மயில்துத்தம் எங்கே வாங்கியது என்று கேட்டேன். கேட்கும்போது என் பார்வை திருமூர்த்தியின் பக்கம் போனதை அவர் கவனித்துவிட்டார். அவர் கடையில் அது மூட்டைக்கணக்கில் உண்டு.

"எங்கடையில வாங்கலீங்ணா," என்றார். "நான் வித்தது தென்னமரத்துக்கு."

பிறகு அவர் துளி மூழ்கியது. கல்லைப் போட்டதுபோல் மூழ்கியது என்று யாரோ சொன்னார்கள். அப்படிச் சொல்லத் தேவையில்லை.

முதல் கட்டில் காலியாக இருந்தது. யாரும் படுக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் நான்தான் கையைக் காட்டினேன். திருமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவரைப் போல நடந்துபோய் அதில் படுத்தார். அதன்பின் நான் உரையாற்றினேன். மிதந்தவர்களைப் பற்றிய பகுதியை நேரமின்மை காரணமாக விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது திருமூர்த்தி என்னிடம் வந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வருசா வருசம் எல்லார்த்துக்கும் நீங்க சொல்றதுதானுங்ணா. போயி சோதனை பண்ணீட்டு வாங்க."

போவேன். என் ரத்தம் எவ்வளவு கெட்டி என்பதை அச்சடித்த தாளில் வாங்கிவந்து அடுத்த கூட்டத்தில் வாசிப்பேன். கரைசல் யாருடையது என்ற விசாரணை அதன்பின் தொடங்கும்.

ஆகஸ்ட் 17

காலையில் கடைவீதி லேபில் ரத்தம் கொடுத்தேன். குத்திய இடத்தில் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. சட்டை வீண்.

மதியம் லேப்காரர் கூப்பிட்டார். மெஷினில் ஏதோ கோளாறு, எண்கள் தாறுமாறாக வருகின்றன, இன்னொரு முறை ரத்தம் வேண்டும் என்றார். எனக்கு வியப்பில்லை. இரண்டு நாளாக எல்லாக் கருவிகளும் எனக்கு எதிராகத்தான் வேலை செய்கின்றன. மறுபடி கொடுத்தேன்.

மாலையில் அவர் எனக்குப் போன் செய்யவில்லை. மரகதத்துக்குச் செய்தார். அவள் பின்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, நாளைக் காலை கோவைக்குப் போகிறோம் என்றாள். எதற்கு என்று கேட்டேன். பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டதாகச் சொன்னாள். இது கேள்விக்குப் பதில் இல்லை.

ஆகஸ்ட் 18

காரில் வரும்போது தாளைப் படித்தேன். எண்கள் வருமாறு. ஹீமோகுளோபின் 6.8, ஆண்களுக்குப் பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டுமாம். தட்டணு பதினெட்டாயிரம், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். ரத்தத்தை உறைய வைப்பது இதுதான் என்றும், ஈறு, கன்றல், காலில் புள்ளி எல்லாம் இது குறைந்ததால்தான் என்றும் மரகதம் சொன்னாள். பிரஷ் நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

வெள்ளை அணுக்கள் அறுபத்திரண்டாயிரம். சாதாரண மக்கள் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரத்தோடு திருப்தியடைகிறார்கள். ஒரு வரியிலாவது நான் மற்றவர்களைவிட மேலே இருக்கிறேன் என்று மரகதத்திடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது. மூக்கு சிவந்திருக்கிறது.

முகாமுக்கு வருகிற அதே ரத்த வங்கி இருக்கும் மருத்துவமனை. சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19

டாக்டர் பெயர் வைதேகி. ரத்த நோய்களுக்கென்றே படித்தவர். என் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். முகாம் வேலை என்றேன். பதினேழு நாள் என்று மரகதம் சொன்னாள்.

என் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம். மெஷின் எண்ணும், கண்தான் அடையாளம் காணும் என்றார் டாக்டர். பார்த்த வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை பிஞ்சு அணுக்கள். எலும்பு மஜ்ஜைக்குள் வளர்ந்து முடிந்தபின் வெளியே வரவேண்டியவை, பாதியிலேயே வந்துவிட்டன. சிலவற்றுக்குள் சிவப்பாக ஊசி போல ஒன்று கிடக்கிறது. எப்போதும் தெரிவதில்லை, என்னுடையதில் நன்றாகத் தெரிகிறது.

மதியத்துக்கு மேல் மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். என்னைப் பார்க்க அல்ல, என் ஸ்லைடைப் பார்க்க. பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை என்று ஒரு மாணவி சொன்னாளாம். பாடம் நடத்துவதற்காக அதை வைத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார்கள். கொடுத்தேன். பெயர் போட மாட்டார்கள் என்பது ஒரு குறை.

ஆகஸ்ட் 20

இடுப்பெலும்பில் ஊசியிறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள். இருந்தாலும் உறிஞ்சி எடுக்கும் அந்தக் கணத்துக்கு அது எட்டுவதில்லை. நான் அசையவில்லை. அறையில் "ஐயோ அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்து அறையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 22

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசுகிறவர் உட்கார்ந்தால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கல்யாணப் பத்திரிகையை நிறுத்தச் சொல்ல வருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

என்ன தொழில் என்று கேட்டார். ஆஃப்செட் அச்சகம் என்றேன்.

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். உள்ளே மெஷின் நிக்காம ஓடுது. ஆனா வர்றது பூரா பாதி அச்சான கழிவுத் தாள். அதுவே இடத்தை அடைச்சுக்கிச்சு. நல்ல தாளை அடிக்கவும் இடமில்ல, அடுக்கவும் இடமில்ல. அதனாலதான் சிவப்பணு குறைஞ்சு மூச்சு வாங்குது, தட்டணு குறைஞ்சு ரத்தம் கசியுது. வெள்ளையணு எக்கச்சக்கமா இருந்தும் ஒண்ணும் வேலை செய்யாததால காய்ச்சல்."

என் அச்சகத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்றேன். தெரியும் என்றார்.

மஜ்ஜையில் நூற்றுக்கு இருபது பிஞ்சு அணுக்கள் இருந்தாலே இந்த நோய் என்று சொல்வார்களாம். எனக்கு எழுபது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. நீண்ட பெயர், சுருக்கமாக ஏ.எம்.எல். திடீரென்று வருவது. நான் செய்த எதனாலும் வந்ததல்ல. இத்தனை வருடம் ரத்தம் கொடுத்ததாலும் அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

மருந்து இல்லாவிட்டால் எவ்வளவு காலம் என்று கேட்டேன். வாரக்கணக்கு என்றார். மருந்தோடு? உடம்பு தாங்கினால் நல்ல வாய்ப்பு உண்டு. எவ்வளவு என்பதை மஜ்ஜையின் மரபணுச் சோதனை வந்தபின் சொல்ல முடியும் என்றார். ஒரு மாதமாவது வார்டில் இருக்க வேண்டும். காலண்டர் ஆர்டர்கள் எடுக்கும் மாதம்.

அவர் போனபின் மரகதம் என் காலுக்குப் போர்வையை இழுத்து விட்டாள். கால் மூடித்தான் இருந்தது. மறுபடி இழுத்து விட்டாள்.

ஆகஸ்ட் 24

வெள்ளை அணுக்களைக் குறைக்க மாத்திரை, யூரிக் அமிலம் ஏறியிருப்பதற்கு ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு ஊசி. சிவப்பு ரத்தத்தை உடனே ஏற்ற மாட்டார்களாம். வெள்ளை இவ்வளவு நெரிசலாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தம் கூழாகி மூளையில் அடைத்துக்கொள்ளும். எனக்கு அவசரமில்லை என்றேன். டாக்டரிடம் என் நிலைப்பாட்டையும் தெரிவித்தேன். நான் கொடுப்பவன், வாங்கும் பழக்கம் இல்லை.

தட்டணு மட்டும் ஏற்றினார்கள். அது மஞ்சளாக, மோர்க்குழம்பின் தெளிவு போல இருந்தது. அதை நான் ரத்தம் வாங்கிய கணக்கில் சேர்க்கவில்லை.

நிலைப்பாட்டைப் பற்றி மரகதம் இரவு உணவின்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஏனுங்க, இத்தன வருசம் நீங்க குடுத்தீங்கல்ல. வாங்குன ஒருத்தராச்சும் உங்கள விடக் கொறஞ்சவங்கன்னு நெனச்சீங்களா?"

இட்லி சூடாக இல்லை.

ஆகஸ்ட் 26

மாலையில் ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. சங்கத்தின் எல்லா நோட்டீஸிலும் அவசரத் தேவைக்கு என்று என் கைபேசி எண்தானே இருக்கிறது. ஓ நெகட்டிவ் வேண்டும்; இருப்பில் ஒரு பைதான் இருக்கிறது, நோயாளிக்கு அது போதாது, செயலாளர் உதவ வேண்டும் என்றாள் பேசிய பெண். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எந்த மருத்துவமனை? இதே மருத்துவமனை. எந்த வார்டு? இதே வார்டு. பெயர்?

"நாச்சிமுத்துங்க சார். ஐம்பத்தேழு வயசு."

நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அது தெரியலீங்க சார். ரொம்ப அவசரம்னு போட்டிருக்கு."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கடமை கடமைதான். சங்கத்தில் ஓ நெகட்டிவ் இரண்டு பேர். ஒருவர் நோயாளி. மற்றவர் முகாமில் கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் ஆகாமல் ஒருவரிடம் மறுபடி எடுக்கக்கூடாது. அந்த விதியை நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டவன் நான். யாரும் இல்லை என்று தெரிவித்தேன்.

சற்று நேரத்தில் திருமூர்த்தி கூப்பிட்டார். மரகதம் அவரிடம் பேசியிருக்கிறாள்.

"காத்தால மொத பஸ்ஸுல வர்றனுங்ணா. கைய நீட்டறேன், எடுத்துக்கட்டும்."

விதியைச் சொன்னேன். விதி கிடக்கட்டும் என்றார். நான் இருக்கும்வரை சங்கத்தில் அது நடக்காது என்றேன். "இருக்கும்வரை" என்ற சொல் அங்கே தேவைப்பட்டிருக்கவில்லை.

"செரி. பவானிச் சங்கத்துல ஒருத்தரு, சத்தியில ஒருத்தரு இருக்காங்க. கூட்டியாறேன். அதுக்கு விதி இல்லீல்ல?"

இல்லை என்றேன்.

"அப்பறம் ஒண்ணுங்ணா. மொதக் கட்டிலு உங்குளுதுதான். அடுத்த வருசம் வந்து படுத்துக்குங்க. நான் சும்மா ஒருக்கா படுத்துப் பாத்தேன்."

புற்றுநோய் வந்தவர்களிடம் எந்நாளும் ரத்தம் எடுப்பதில்லை என்றும் ஒரு விதி உண்டு. அதுவும் நோட்டீஸில் இருக்கிறது. பொருளாளருக்கு நினைவில்லை போலும். நான் நினைவூட்டவில்லை.

ஆகஸ்ட் 27

வெள்ளை அணுக்கள் இருபதாயிரத்துக்கு இறங்கிவிட்டன. இன்று சிவப்பு ரத்தம் ஏற்றலாம், நாளை முதல் வீரியமான மருந்தைத் தொடங்கலாம் என்றார் டாக்டர். என் நிலைப்பாடு என்ன என்று கேட்டார். மரகதம் என்னைப் பார்த்தாள். கையை நீட்டினேன்.

இருப்பில் இருந்த அந்த ஒரு பையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நர்சுகள் பையின் மேல் ஒட்டியிருந்ததை உரக்க வாசித்து, என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையோடு ஒப்பிட்டார்கள். பிரிவு ஓ நெகட்டிவ். எடுத்த நாள் ஆகஸ்ட் பதினைந்து. எடுத்த இடம் கோபி முகாம். பை எண் ஒன்று.

பதினொன்றரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்தது.